முருங்கை மரத்தடித் தங்கம்

தோத்தாத்ரி சாருக்கு வேண்டியது தங்கம். கிளியம்மாளுக்கு வேண்டியது தண்ணீர். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் நான். பெயர் ஹில்டா, வேதியியலில் எம்.எஸ்ஸி., வீடு தாம்பரம் சானடோரியத்தில். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். இந்தக் கதையிலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம். தனியாரும் தங்கம் தேடலாம் என்று பேப்பரில் வந்ததுதான் தாமதம், குரோம்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷனில் எங்கள் கம்பெனி முளைத்துவிட்டது. கம்பெனி என்றால் மூன்றே பேர். தோத்தாத்ரி சார், வாழ்நாளெல்லாம் அரசாங்கத்தில் பாறை பார்த்து ரிட்டையரான ஜியாலஜிஸ்ட். அவர் கொண்டுவரும் மண்ணைச் சோதித்துச் சொல்ல நான். முதல் போட்டவர் சாருடைய மைத்துனர் ஸ்ரீரங்கன். ஸ்ரீரங்கனின் சொந்தத் தொழில் தண்ணீர் லாரி. ஏரியோரக் கிணறுகளில் இறைத்து அஸ்தினாபுரம் தெருக்களில் குடம் கணக்கில் விற்பார். வானம் மூடினால் முகம் வாடுகிற ஒரே மனிதரை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

பல்லாவரம் மலையிலிருந்து ஒரு வெள்ளைக்கல் வரி பூமிக்கடியிலேயே அஸ்தினாபுரம் வரைக்கும் ஓடுகிறது, அதில் தங்கம் இருக்கிறது என்பது சாருடைய நம்பிக்கை. சர்வீஸ் முழுக்க ஆபீசில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். சர்வீஸ் முழுக்க ஆபீசில் சிரித்தார்கள். ரிட்டையர்மென்ட் பார்ட்டியில்கூட ஒருவர் பித்தளை மோதிரம் ஒன்றைத் தட்டில் வைத்து, “சார், பல்லாவரத்தில் கிடைத்தது” என்று நீட்டினாராம். அதைச் சொல்லும்போது சார் சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு பார்க்கவே நன்றாக இருக்காது.

தேடும் முறை சுலபம்தான். அடியில் தங்கம் இருந்தால் அதன் பொடி கொஞ்சமாவது மேலே மண்ணிலும் வந்திருக்கும். அதனால் தெருத் தெருவாக, காலி மனை காலி மனையாகப் போய், ஒரு அடி தோண்டி, அடிமண்ணை எடுத்துச் சலித்து, துணிப்பையில் போட்டு, எந்த இடம் என்று எழுதிக் கட்டுவோம். எந்தப் பையில் தங்கம் தெரிகிறதோ அந்த இடத்தில் துளை போடுவது.

சாருக்கு ஒரு விதி உண்டு. மண் எடுக்கிறவர் உடம்பில் குன்றிமணித் தங்கம்கூட இருக்கக் கூடாது. மோதிரம் மண்ணில் உரசினால் போதுமாம், சாம்பிள் கெட்டுவிடுமாம். விஞ்ஞானப்படி சரியான விதி, நான் மறுக்கவில்லை. ஆனால் என் கல்யாண மோதிரத்தையும் தாலிச் செயினையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னார் பாருங்கள், அங்கேதான் எனக்கு ஏறியது. என் மாமியார் ஞானஜோதி என் வெறுங்கழுத்தைப் பார்த்துவிட்டு, “தனசிங் நல்லாத்தானே இருக்கான்?” என்று தன் மகனை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சார் தன் மோதிரத்தையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார் என்பதால் நான் வாயைத் திறக்க வழியில்லை.

கிளியம்மாளின் வீடு அஸ்தினாபுரத்தில் கடைசித் தெரு. அந்தப் பக்கத்துப் பழைய குடியானவர்கள். வயலெல்லாம் பிளாட்டாகிப் போய், ஓட்டு வீடும் கொல்லையும் ஒரு முருங்கை மரமும் வறண்ட கிணறும் மிச்சம். முன்னறையில் சம்பந்தம் பத்தர் நகைப் பட்டறை வைத்து வாடகைக்கு இருந்தார். நாங்கள் அடுத்த மனையில் மண் சலித்துக்கொண்டிருந்தபோது கிளியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

“இன்னாத்துக்கு சார் மண்ணு அள்ளிகினு கீறீங்கோ?”

சாருக்கு யாராவது கேட்டால் போதும். ஆதியோடந்தமாக விளக்கினார். “அப்புறம் பெரிய மெஷின் கொண்டுவந்து துளை போடுவோம்மா. முன்னூறு அடி போகும்.”

“எங்க போடுவீங்கோ?”

“எந்த எடத்து மண்ணுல தங்கம் ஜாஸ்தியோ, அதே எடத்துல. ஒரு அடி தள்ளிக்கூடப் போடமாட்டேன்.”

“பாறை வந்தா வுட்டுட்டுப் பூடுவீங்கோதானே? வர்றவன் எல்லாம் அப்டித்தான் ஓடறான்.”

“பாறைக்காகத்தானேம்மா நாங்க வர்றதே!”

கிளியம்மாள், நாங்கள் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடிமண்ணை மட்டும் எடுப்பதை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கொல்லைப் பக்கம் நாங்கள் திரும்பியதும் கையை நீட்டி மறித்தாள்.

“இன்னிக்கி அஷ்டமியாச்சே ஐயரே. மண்ணுல கை வெக்கலாமா?”

“ஐயங்கார்,” என்று சார் திருத்தினார். பிறகு பையிலிருந்த சின்னப் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். “அடடா. நாளைக்கு நவமி வேற. நாளன்னிக்கு வரோம்மா.”

அதுவரை அன்றைக்குக் காலையில் மட்டும் ஏழெட்டு இடத்தில் தோண்டியிருந்தோம். அந்த அஷ்டமியெல்லாம் எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை.

மூட்டை கட்டும்போது கிளியம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் அவள் கொல்லைக்கு வந்தாராம். முருங்கை மரத்தடிக்குப் போனதும் உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் எழுந்து நின்றதாம். பாறைக்குக் கீழே, இருநூறு அடி தாண்டி நல்ல தண்ணீர் என்றாராம். கைபோர் போட வந்தவர்களோ பாறை தட்டியதும் கும்பிடு போட்டுவிட்டார்கள்; பாறை உடைக்கிற மெஷினுக்கு அவளிடம் காசில்லை. 

“எம் மருமவ சாமுண்டீஸ்வரி ஆத்தா வூட்டுக்குப் பூட்டா. கல்யாணமாகி மூணே மாசம் இருந்தா. தெனம் லாரி பின்னாடி குடத்தோட ஓட்டம். ஒருநா வியுந்து கால்ல அடி. ‘தண்ணி வந்தா சொல்லியனுப்பு அத்தே, அன்னிக்கே வரேன்’னுட்டுப் போனவதான். எங்களுக்குள்ள சண்டையெல்லாம் ஒண்ணியும் கெடையாது. அவ பேசிகினே இருப்பா, நான் கேட்டுகினே இருப்பேன். இப்ப வூடு ஊமையா கீது.” வாசலில் அவள் மகன் அரிகிருஷ்ணன் இரண்டு வாரத் தாடியுடன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்க அதில் அழுக்கே இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

தசமியன்று போய் மண் எடுத்தோம். கிளியம்மாளே முன்னால் நின்று, “இங்க எடுங்கோ, இங்க நெழலா கீது” என்று முருங்கை மரத்தடியைக் காட்டினாள்.

அஸ்தினாபுரம் முழுவதும் எடுத்த அத்தனை பையும் வெறும் மண். முருங்கை மரத்தடிப் பையைத் தட்டில் போட்டு அலசினால் மஞ்சளாக மின்னுகிறது! சார் நாற்காலியிலிருந்து எழுந்தவர் எழுந்தபடியே நின்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். எனக்கும் ஒரு நிமிஷம் மயிர்க்கூச்செறிந்தது.

ஒரே ஒரு நிமிஷம்தான். லென்ஸை வைத்துப் பார்த்தேன். பொடிப்பொடிச் சுருள்கள், அரத்தில் ராவி விழுந்த மாதிரி. பக்கத்தில் நாலு கரித்துண்டு. அமிலத்தில் கரைத்துத் தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டு மிச்சக் கரைசலில் அம்மோனியா விட்டேன். பளிச்சென்று நீலம். செம்பு! பூமி இந்த மாதிரி அளந்து செம்பு கலந்து தங்கம் செய்யாது. நகைக்கடைக்காரர்கள்தான் செய்வார்கள்.

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே கிளியம்மாள் வீட்டுக்குப் போனேன். பட்டறையில் பத்தர் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்து ஊதுகுழலைத் தேட ஆரம்பித்தார். அது அவர் கையிலேயே இருந்தது.

பத்தர்கள் பட்டறையைப் பெருக்கிய குப்பையைத் தெருவில் கொட்டமாட்டார்கள். ராவின பொடி அதில் விழுந்திருக்கும். பானையில் சேர்த்துவைத்து, கழுவி எடுக்கிறவர்கள் வரும்போது கொடுப்பார்கள். அந்தப் பானை மூலையில் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது.

“அவரு தங்கம் தேடினாரு, நான் தங்கம் வெச்சேன்,” என்றாள் கிளியம்மாள், கொஞ்சம்கூட அசராமல். “கேட்டத குடுத்தா தப்பாம்மா? ஒரு அடி தோண்டி வெச்சு மூடறதுக்குள்ள என் இடுப்பு வுட்டுப் போச்சு.”

“எனக்கும் கை கழுவத் தண்ணி இல்லீங்க,” என்றார் பத்தர் மூலையிலிருந்து.

“நான் சார்கிட்ட சொல்லத்தான் போறேன்,” என்றேன்.

“சொல்லு, ஒன் வேல அது. நான் ஒன்ன தப்பா நெனக்க மாட்டேன்,” என்றாள். அப்படிச் சொல்லிவிட்டால் எப்படித்தான் கோபப்படுவது?

மறுநாள் காலை சாரிடம் போய் நின்றேன். “சார், அதுல செம்பு இருக்கு.”

“தங்கமும் தாமிரமும் சேர்ந்து வர்ற டெபாசிட்! இது இன்னும் விசேஷம்மா!”

“சுருள் சுருளா இருக்கு சார்.”

“கம்பித் தங்கம். ரொம்ப அபூர்வம். படிச்சிருக்கேன்.”

“சார், அந்த வீட்டு முன்ரூம்ல பத்தர் இருக்கார். இது பட்டறைக் குப்பை.”

சார் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “பத்தர் வாசல்ல இருக்கார். மரம் கொல்லையில இருக்கு. குப்பை எழுந்து நடந்து போச்சா? ஆபீஸ்லயும் இப்படித்தான். என் தங்கத்துக்கு எப்பவும் ஏதாவது ஒரு காரணம் சொல்வா.” பிறகு இன்னொரு வார்த்தையும் சேர்த்தார். “ஹில்டா, உன்னை வெச்சிருக்கறது டெஸ்ட் பண்ண. சந்தேகப்பட இல்லை.”

கிளியம்மாளே ஒப்புக்கொண்டாள் என்ற செய்தி என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் அப்படியே விழுங்கிவிட்டேன். தாலிச் செயினைக் கழற்ற வைத்த கோபமும் அதோடு சேர்ந்துகொண்டது. சந்தேகப்பட எனக்குச் சம்பளம் இல்லை அல்லவா, நன்றாகத் தோண்டட்டும் என்று இருந்துவிட்டேன்.

திருச்செங்கோட்டு லாரி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு வந்து நின்றது. தண்ணீருக்குப் பாறையில் போர் போடுகிற அதே வண்டி. உடைத்துக் காற்றில் ஊதி மேலே தள்ளும் கல்பொடியைப் பத்து அடிக்கு ஒருதரம் நான் பிடித்து அலசிப் பார்க்க வேண்டும். டிரைவர் கேசவனுக்குத் தான் தோண்டுவது தங்கத்துக்கா தண்ணீருக்கா என்று எந்த அக்கறையும் இல்லை. ஸ்ரீரங்கன் வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கி, “இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள ஒண்ணும் வரலேன்னா நிறுத்திடுங்கோ அத்திம்பேர்,” என்றார்.

எல்லோருடைய கையையும் காதையும் கழுத்தையும் சார் சோதித்தார். கேசவனின் அரைஞாணைக்கூட விடவில்லை. அது வெள்ளி என்று அவன் மன்றாடித் தப்பித்தான். பிறகு சார் பூமி பூஜைக்கு உட்கார்ந்தார். மஞ்சள், குங்குமம், நவதானியம், கொஞ்சம் பால். எல்லாம் ஆனதும் மடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, அதிலிருந்து ஒரு சிட்டிகையைத் துளை போடும் இடத்தில் பயபக்தியோடு தூவினார்.

“அது என்ன சார்?”

“பொன்தூள்மா. நெலைவாசல் வைக்கறச்சே, கெணறு வெட்டறச்சே ஒரு பொட்டுத் தங்கம் போடாம ஆரம்பிப்பாளோ? என் மோதிரத்துலேர்ந்து ராவினேன்.”

கேட்டதும் என் கையிலிருந்த தட்டு நழுவிவிட்டது. கிளியம்மாள் முருங்கை மரத்தில் சாய்ந்துகொண்டு, அவரையும் பொட்டலத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

மெஷின் உறுமியது. முதல் பத்து அடிப் பொடியை அலசினேன். தட்டின் ஓரத்தில் மஞ்சள் மினுக்கம். சார் குதித்தார், அந்த வயதில்.

“சார், இது நீங்க பூஜைக்குப் போட்ட தூள்,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, நிஜமான வியப்புதான் இருந்தது. “அது பெருமாளுக்குப் போட்டதும்மா. அவருக்குக் கொடுத்தது சாம்பிள்ல எப்படி வரும்?”

என் தாலியையே கழற்ற வைத்த மனிதர் பேசுகிற பேச்சா இது? நான் தலையில் அடித்துக்கொண்டேன். சொல்லி என்ன பிரயோஜனம்?

அடுத்த பத்தடியில் ஒன்றுமில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. மதியத்தில் பாறை தட்டியது. கருத்த, கெட்டியான பல்லாவரம் பாறை. மெஷின் முக்கி முனகி இறங்கியது. சாயந்தரம் வரை நான் அலசியதெல்லாம் சாம்பல் நிறப் பொடி. ஸ்ரீரங்கன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். “போதும் அத்திம்பேர். நாளைக்குக் காத்தால மெஷினைக் கழட்டிடலாம்.” சார் துணிப்பைகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார்.

கிளியம்மாள் என்னை இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். “பாறை ஒடைக்க மெஷினு வந்துகீதுன்னு மருமவளுக்குச் சொல்லியனுப்பிட்டேன்மா. வெள்ளிக்கெயம வந்து பாக்கறேன்னு சொல்லிகீறா. வந்து பாத்துட்டு ஒண்ணியும் இல்லாட்டி திரும்பிப் பூடுவாளே. அப்பால எந்த மூஞ்ச வெச்சிகினு கூப்புடுவேன்?”

தங்கம் வராமல் மெஷின் இனி ஓடாது. தங்கமோ பத்தர் பானையிலும் தீர்ந்துபோயிருந்தது.

மறுநாள் காலை கேசவன் குழாய்களை உருவ ஸ்பேனரை எடுத்தபோது, கிளியம்மாள் குளித்து, நெற்றி நிறையப் பொட்டு வைத்துக்கொண்டு சாரிடம் வந்தாள். முகத்தைப் பார்த்தால் பச்சைப்பிள்ளை தோற்றது.

“ஐயரே, ஒண்ணு கேக்கலாமா? நேத்து பூஜ பண்ணிங்கோ, ஒடனே தங்கம் வந்துச்சு. இன்னிக்கி பூஜயே பண்ணாம கயட்றீங்கோளே, நாயமா?”

“ஐயங்கார்,” என்றார் சார் சோர்வாக. பிறகு அப்படியே நின்றார். பிறகு முகம் மலர்ந்தது. “வாஸ்தவம்தான். மெஷின் ராத்திரி நின்னு போச்சே. மறுபடி ஆரம்பிக்கறச்சே பண்ணவேண்டாமோ?”

மடியில் பொட்டலம் மிச்சம் இருந்தது. அதை முழுவதும் துளைக்குள் கொட்டிக் கற்பூரம் காட்டினார். கிளியம்மாள் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் மரத்துக்குப் பின்னால் போய் இருமினேன்.

மெஷின் ஓடியது. மேலே வந்த முதல் பொடியை அலசினேன். எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடி மின்னியது. நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்ரீரங்கனே கத்திவிட்டார். “பாறைக்குள்ளே தங்கம்! கேசவா, போடு! நிறுத்தாதே! இன்னும் ஆழமா போடு!” நேற்று கடிகாரத்தைத் தட்டிய அதே கை இன்று லாரியைத் தட்டியது.

சொல்ல வேண்டுமா? கேசவன் போட்டான். குழாய் மேல் குழாயாக இறங்கியது. தேங்காய்க்காரர் சொன்ன ஆழம் தாண்டியதும் மெஷினின் சத்தம் மாறியது. பொடி ஈரமானது, சேறானது, அப்புறம் ஒரு குமுறல். முருங்கை மர உயரத்துக்குத் தண்ணீர் அடித்தது! சாருடைய நெற்றி நாமம் கரைந்து மூக்கு வழியாக ஓடியது. ஸ்ரீரங்கனின் வெள்ளைச் சட்டை சிமெண்ட் மூட்டை மாதிரி ஆகிவிட்டது. தெருவே குடத்தோடு ஓடி வந்தது. கிளியம்மாள் அந்தத் தண்ணீருக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. அரிகிருஷ்ணன் நேரே தாடி எடுக்க ஓடினான்.

“தண்ணியா? இந்தத் தெருவிலயா?” என்றார் ஸ்ரீரங்கன் ஈனசுரத்தில். அவருடைய லாரி தினமும் இரண்டு நடை வந்துபோகிற தெரு அது. ஆனாலும் தங்கம் கிடைத்தால் லாரி எதற்கு என்று தேற்றிக்கொண்டிருக்க வேண்டும். போகும்போது, “ரெண்டாவது துளை எங்கே போடணும்னு பாருங்கோ அத்திம்பேர்,” என்று சொல்லிவிட்டே போனார்.

வெள்ளிக்கிழமை காலை சார் தனியாக என் மேஜைக்கு வந்தார். பாறைக்குள் கிடைத்த பொட்டுத் தங்கத்தை நான் சோதித்து ரிப்போர்ட் எழுதி முடித்திருந்தேன். அதைப் படித்தார். இரண்டாம் தரமும் படித்தார். பிறகு மோதிரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஒரு பக்கம் ராவி ராவி மழுங்கியிருந்தது.

“இதையும் ஒரு டெஸ்ட் பண்ணிடும்மா.”

பண்ணினேன். இரண்டும் ஒன்றேதான், செம்பு தூக்கலான பழைய காலத்துச் சிவந்த தங்கம். சார் மோதிரத்தை எடுத்து மழுங்கின பக்கத்தைத் தடவினார். “அப்போ மண்ணுல முதல்ல கெடைச்சது?” என்றார் கடைசியில்.

“அது பத்தர் பானை சார். கிளியம்மா எங்கிட்ட ஒத்துக்கிட்டா. சொல்ல வந்தேன், சந்தேகப்பட உனக்கு வேலையில்லன்னீங்க.”

அவர் முகம் சிவந்தது. என் மேல் கோபமோ, தன் மேலேயோ. ரிப்போர்ட்டைப் பறித்துக்கொண்டு கீழே இறங்கி ஸ்கூட்டரை உதைத்தார். கிளியம்மாளை என்ன செய்துவிடுவாரோ என்று பயந்து நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம், “என்னைப் பாத்து… என்னைப் பாத்து…” என்று முனகிக்கொண்டே ஓட்டினார். அந்தப் பித்தளை மோதிரத் தட்டுக்கு அப்புறம் அவருக்கு இன்னொரு அவமானம் வேண்டாம் என்றுதான் எனக்கும் இருந்தது.

நாங்கள் போய் இறங்கியபோது சாமுண்டீஸ்வரியும் ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். கையில் டிரங்குப் பெட்டி இல்லை, ஒரே ஒரு கூடைப்பைதான். பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவள் யாரிடமும் பேசாமல் நேரே கொல்லைக்குப் போனாள். புதிதாக மாட்டியிருந்த மோட்டாரைப் போட்டான் அரிகிருஷ்ணன், மழுமழுவென்ற முகத்துடன். குழாயில் கொட்டிய தண்ணீரை அவள் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். கிளியம்மாள் மூச்சுவிடவில்லை. சாரும் வந்த காரியத்தை மறந்து நின்றார்.

“அத்தே,” என்றாள் சாமுண்டீஸ்வரி வாயைத் துடைத்துக்கொண்டு, “எங்கம்மா வூட்ல கூட தண்ணி இப்டி இருக்காது.” கூடைப்பையைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுக்குள் போனவள், போன கையோடு பேச ஆரம்பித்துவிட்டாள். பஸ்ஸில் வந்த கூட்டம், ஆட்டோக்காரன் அடித்த வம்பு, எல்லாம். கிளியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றாள்.

பிறகு சார் பக்கம் திரும்பினாள். அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்ததும் விஷயம் அவளுக்கு விளங்கிவிட்டது.

“ஐயரே, ஒங்கள ஏமாத்திட்டேன். இன்னா செய்யணுமோ செய்யுங்கோ, வாங்கிக்கறேன். ஆனா ஒண்ணு. நீங்கோ சொன்ன எடத்துல நீங்கோ சொன்ன மாரி நோண்டினீங்கோ, பாறைக்குப் பயப்படல. இந்தத் தெருவுல எங்களுக்கு அப்டி ஒர்த்தரும் கெடைக்கல.”

சார் ஐயங்கார் என்று திருத்தக்கூட இல்லை.

அந்தச் சமயம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். தபீதாள் டீச்சர். எங்கள் சபையில் முன்னால் நின்று பாட்டு எடுத்துக்கொடுக்கிறவர், பொய் சொன்னால் நாக்கு வெந்துவிடும் என்று சண்டே ஸ்கூலில் பயமுறுத்துகிறவர். பின்னால் இன்னும் நாலைந்து வீட்டுப் பெண்கள்.

“சார், எங்க கொல்லையிலயும் ஒரு தடவை மண்ணு பாருங்களேன். தென்னைக்கு வடக்கால… அங்கதான் இருக்கும்னு மனசுல படுது.” டீச்சரின் நகக்கண்ணெல்லாம் கரி. புடவைக் கரையில் மண். என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். இந்தத் தடவை பானை எந்த ஊர்ப் பத்தருடையதோ, எனக்குத் தெரியாது.

சார் அந்தக் கையைப் பார்த்தார். குழாயடியில் வரிசை கட்டியிருந்த குடங்களைப் பார்த்தார். தெருமுனையில் ஸ்ரீரங்கனின் லாரி, தண்ணீர் வாங்க ஆளில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, அதையும் பார்த்தார்.

“ஹில்டா, ஸ்ரீரங்கனுக்கு ரிப்போர்ட் போயாச்சா?”

“இன்னும் இல்ல சார். உங்க கையிலதான் இருக்கு.”

அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானையும் போட்டார். “அவசரமில்லை. ரெண்டாவது துளை எங்கேன்னு தெனம் கேட்டுண்டே இருக்கான். இன்னிக்கு என்ன திதி?”

“எனக்கென்ன சார் தெரியும், நான் கிறிஸ்டியன்.”

“பஞ்சமி,” என்றாள் கிளியம்மாள். “நல்ல நாளு, ஐயரே.”

“ஐயங்கார்,” என்றார் சார். அவர் நன்றாகச் சிரிப்பதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

வேலியைத் தாண்டித் தென்னைக்கு வடக்கே போய்க் குந்தினார். மண்ணில் கை வைக்கும் முன் மழுங்கிய மோதிரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

“பத்திரமா வெச்சுக்கோம்மா. சாம்பிள் எடுக்கறச்சே கையில தங்கம் இருக்கக் கூடாது.”